பள்ளிக்கூடம், சபை, தங்கச்சி குழந்தை: மூன்றில் எதை விடுவது?

ஓ.டி. டீச்சர் | நவம்பர் 23, இரவு 11.10

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்ட் டவுனில் இருக்கிறேன். அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியை, 17 வருட சர்வீஸ். வயது 43, கல்யாணம் ஆகவில்லை. லுத்தரன் சபை. வீட்டில் அம்மா, நான், தங்கை, தங்கையின் பெண் குழந்தை. குழந்தைக்கு ஒரு வருடம் எட்டு மாதம். தங்கை புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ், வீட்டுக்காரர் துபாயில்.

தங்கைக்குக் காலை டியூட்டி என்றால் ஆறு மணிக்கு முன்னால் பஸ் ஏறிவிட வேண்டும். எங்கள் பள்ளிக்கு இந்த வருடம், 2025 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் வந்தது. நகரத்தில் இருக்கிற உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கினார்களே, அதில். வெறும் வயிற்றோடு வந்து முதல் பீரியடிலேயே தலையைச் சாய்க்கிற பிள்ளைகள் இப்போது பொங்கல் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து உட்காருகிறார்கள், அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் என் முறை வருகிற வாரங்களில் எட்டு மணிக்கே பள்ளியில் நிற்க வேண்டும். குழந்தை அம்மாவிடம். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலும் வலி. தூக்குவதற்கு மட்டும் பக்கத்து வீட்டு அக்கா வந்து போவார். நாலரை மணிக்கு நான் உள்ளே நுழையும்போது அம்மா முகத்தைப் பார்த்தால் எனக்குச் செருப்பைக் கழற்றக்கூட நேரம் இருக்காது.

அப்புறம் ராத்திரி வரை குழந்தை என்னோடுதான். எங்கள் வீடு ரயில் பாதைக்குப் பக்கம். மயிலாடுதுறை, விழுப்புரம் வண்டிகள் போகும். வண்டிச் சத்தம் கேட்டால்தான் சாப்பாட்டுக்கு வாய் திறப்பாள். அவள் "கூ" என்று சொல்லும்போது ஒரு வாய், பெட்டிகள் கடக்கும்போது இரண்டு வாய். சரக்கு வண்டி வந்துவிட்டால் கிண்ணம் காலி. வண்டி லேட் என்றால் நானே "கூ" சொல்ல வேண்டும், அதற்கு அவள் அவ்வளவு சீக்கிரம் மயங்க மாட்டாள்.

நோட்டுத் திருத்துவது அவள் தூளியில் தூங்கினபிறகு. ஒரு கையால் தூளிக் கயிறு, ஒரு கையில் சிவப்புப் பேனா. இதற்கு நடுவில் ஆசிரியர் தகுதித் தேர்வு. செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஆசிரியர்களுக்குத் தெரியும். ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிறவர்கள் இரண்டு வருடத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இந்த மாதம் எழுதினேன். "குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும்" பகுதிக்கு 30 கேள்வி. அதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

சபையில் 12 வருடமாக ஓய்வுநாள் பள்ளி, அதாவது பிள்ளைகளுக்கான ஞாயிறு வேத வகுப்பு, அதற்கு சூப்பிரண்டெண்ட். பாடகர் குழுவில் ஆல்டோ குரல். இந்த வருடம் பெண்கள் சங்கச் செயலாளரும் நானே. "உனக்கு என்னம்மா, குடும்பமா குட்டியா" என்று சொல்லித்தான் அந்தப் பொறுப்பைத் தந்தார்கள். வருகிற ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலம் தொடங்குகிறது. இரண்டாம் பருவத் தேர்வு, கேரல் ரவுண்ட்ஸ், ஓய்வுநாள் பள்ளி கிறிஸ்துமஸ், 24 இரவு ஆராதனை, 31 இரவு ஆராதனை எல்லாம் இந்த ஒரு மாதத்துக்குள் வரும். மழைக்குக் கலெக்டர் லீவு விட்டால் அதை ஈடுகட்டச் சனிக்கிழமை பள்ளி, அதே சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி.

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். தங்கைக்கு டியூட்டி. அம்மாவுக்குக் கால் வீங்கியிருந்தது, வரவில்லை. பாடகர் குழு பாட எழுந்தபோது குழந்தையை இரண்டாவது வரிசையில் இரண்டு பெரிய பெண் பிள்ளைகளிடம் விட்டுப் போனேன். மூன்று சரணம். மூன்றாவது சரணத்தில் திரும்பிப் பார்த்தால் அவள் உட்கார்ந்த இடத்தில் தண்ணீர் பாட்டில் மட்டும் இருக்கிறது. பாட்டுப் புத்தகத்தோடு அப்படியே இறங்கி ஓடினேன். கேட்டுக்கு வெளியே ரோட்டோரமாக ஒரு ஆட்டோக்காரர் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு "இது யார் வீட்டுப் பாப்பா?" என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. என்னைப் பார்த்ததும் "கூ" என்று சிரித்தாள்.

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. திரும்ப உள்ளே வரும்போது ஒரு அம்மா, "முப்பது பிள்ளைக்குப் பாடம் எடுக்கிறவங்க, ஒரு பிள்ளையைப் பார்க்க முடியலையா" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். அதனால்தான் தாங்க முடியவில்லை.

எதை விடுவது? எனக்குத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முந்திரிக்காடு | நவம்பர் 24, காலை 6.25

டீச்சர், பண்ருட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் நானும் ஆசிரியர்தான். என் மனைவியும் அதே தொழில். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாங்கள் பட்டது போதும் போதும் என்று ஆகிவிட்டது. அதனால் ஒளிவு மறைவு இல்லாமல் சொல்கிறேன். பள்ளிக்கூடம் உங்கள் சோறு, அதை விட முடியாது. குழந்தை உங்கள் ரத்தம், அதையும் விட முடியாது. மிச்சம் இருப்பது சபைப் பொறுப்புகள். மூன்று பதவியில் மூன்றையும் விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து கும்பிட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் இல்லாவிட்டால் இன்னொருவர் செய்வார், இல்லையா நடக்காமல் போகும். சாமி கோபித்துக்கொள்ளாது.

ரோட்டுக்கு வந்த குழந்தை திரும்பக் கிடைத்தது பெரிய விஷயம். இதற்கு மேல் ஒரு அறிகுறி வேண்டுமா?

நெல்லித்தோப்பு மிஸ் | நவம்பர் 24, மாலை 5.50

அக்கா, படிச்சதும் கை நடுங்கிடுச்சு. பிள்ளை நல்லபடியா கிடைச்சதுக்கு மாதாவுக்கு நன்றி.

நான் பாண்டியில தனியார் பள்ளியில இருக்கேன், கத்தோலிக்க பங்கு. எங்களுக்கு ஞாயிறு பூசை முடிஞ்சதும் மறைக்கல்வி வகுப்பு. முதல் நற்கருணைக்குத் தயார் பண்ற பிள்ளைங்க என் பொறுப்பு. என் பையனுக்கு இப்ப மூணு வயசு. போன வருஷம் வரைக்கும் அவனையும் வெச்சிக்கிட்டுத்தான் வகுப்பு எடுத்தேன், முடியல. அப்புறம் எங்க அன்பியத்துல, அதான் பங்குல பக்கத்து பக்கத்து குடும்பங்க சேர்ந்த குழுவுல பேசினேன். எங்களோடது கிட்டத்தட்ட முப்பது குடும்பம். வகுப்பு நடக்கிற ஒன்றரை மணி நேரம் கோயிலுக்குப் பக்கத்து வீட்டுல ஒரு பாட்டி பார்த்துக்கிறாங்க. அவங்க மட்டும் இல்ல, அவங்களுக்கு முடியாத வாரம் இன்னொரு வீடு. யார் எந்த வாரம்னு மாச ஆரம்பத்துலயே எழுதிடுவோம்.

முந்திரிக்காடு அண்ணா சொல்றது எனக்கு ஒப்பல. எல்லாத்தையும் விட்டா மனசு வெறுமையா போயிடும். ஆனா பெண்கள் சங்கச் செயலாளர் வேலைய விடலாம்னு தோணுது. மினிட்ஸ் எழுதறதும் வரவு செலவு பார்க்கிறதும் வேற யாரும் செய்யலாம்.

ஓ.டி. டீச்சர் | நவம்பர் 24, இரவு 10.45

இருவருக்கும் நன்றி. முந்திரிக்காடு சார், நீங்கள் அக்கறையோடுதான் சொல்கிறீர்கள், அது தெரிகிறது. ஆனால் ஓய்வுநாள் பள்ளியை "மிச்சம்" என்று என்னால் வைக்க முடியாது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு 22 வயது, ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த நேரம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்பதால் ஆராதனைக்குக் கூட்டம் குறைவு. பின்பக்கத்திலிருந்து ஒருவர் ஓடிவந்து "கடல் உள்ளே வந்துடுச்சு" என்று கத்தினார். எங்களுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தமே புரியவில்லை. சுனாமி என்ற சொல்லை அன்று சாயங்காலம்தான் முதல்முறை கேட்டோம். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று ஒவ்வொரு ஊராகப் பெயர் வந்துகொண்டே இருந்தது. மத்தியானத்துக்குள் எங்கள் ஓய்வுநாள் பள்ளி ஹால் நிறையப் பிள்ளைகள். ஈரத் துணியோடு. ஒரு பையன் கையில் இருந்த தேங்காயை மூன்று நாள் கீழே வைக்கவே இல்லை. எந்த மதம் எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, "நீ டீச்சர் டிரெயினிங் படிச்சவதானே, இவங்களை வெச்சிக்கோ" என்றார் அப்போது எங்கள் சபைப் போதகராக இருந்த ஐயர்.

வைத்துக்கொண்டேன். கதை சொன்னேன், பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன், தலை வாரினேன். கடல் படம் வரையாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களாகவே எல்லாரும் மரம்தான் வரைந்தார்கள். நான் டீச்சர் ஆனது டிரெயினிங் ஸ்கூலில் இல்லை, அந்த ஹாலில். இன்றைக்கும் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுக்கிறேன்.

செயலாளர் பொறுப்பு பற்றி நெல்லித்தோப்பு மிஸ் சொன்னது யோசிக்க வேண்டியது. அன்பியத்தில் முறை போடுவது எனக்குப் புதிது. எங்களிடம் அப்படி இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். எனக்குக் குழந்தையைப் பார்ப்பது பாரம் இல்லை. "நீ பார்த்துப்பேன்னு தெரியும்" என்று சொல்லாமலே விட்டுப்போவதுதான் பாரமாக இருக்கிறது. "அக்கா, இன்னிக்கு முடியுமா?" என்று ஒருநாளும் யாரும் கேட்டது இல்லை. வீட்டிலும் சரி, சபையிலும் சரி.

கூத்தப்பாக்கம் | நவம்பர் 25, காலை 11.30

நான் வேற சாமி கும்பிடறவ, இருந்தாலும் சொல்றேன். என் தங்கச்சி பிள்ளை ரெண்டையும் நான்தான் வளர்த்தேன். கேட்டுட்டா விட்டாங்க? பெரியம்மான்னா அம்மாவுக்கும் பெரியவன்னு அர்த்தம். சொந்தப் பிள்ளையப் பார்க்க "முடியுமா"ன்னு கேட்கணும்னா அது என்ன சொந்தம்? கணக்கு பார்க்க ஆரம்பிச்சா பாசம் போயிடும் தாயி. உங்க கஷ்டம் புரியுது, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சிக்கங்க, பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும்.

நைட் டியூட்டி | நவம்பர் 26, காலை 8.15

அக்கா, நான் உங்க தங்கச்சி இடத்துல இருந்து எழுதறேன். நானும் நர்ஸ். இப்பதான் நைட் முடிஞ்சி பஸ்ல உட்கார்ந்திருக்கேன்.

எங்களுக்கு ஷிப்ட் லிஸ்ட் வாரா வாரம் மாறும். ஒருத்தி லீவு போட்டா அந்த லிஸ்ட்டும் மாறும். கடைசி நிமிஷத்துல "இன்னிக்கு டபுள் பாரு"ன்னு சொல்வாங்க. அப்ப அக்காவுக்கு போன் பண்ணி "முடியுமா"ன்னு கேட்கப் பயமா இருக்கும். அவங்க முடியாதுன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம். அதனால கேட்காமலே "லேட்டாகும்"னு மட்டும் சொல்லிட்டு வெச்சிடுவேன். உங்க தங்கச்சியும் அப்படித்தான்னு நினைக்கிறேன். அது திமிர் இல்லக்கா.

ஆனா கூத்தப்பாக்கம் அம்மா சொல்றதையும் என்னால ஏத்துக்க முடியல. என் பையனை எங்க அக்காதான் வளர்த்தாங்க. அவன் மொதல்மொதல்ல "அம்மா"ன்னு கூப்பிட்டது அவங்களைத்தான். நான் அப்ப யூனிபார்மோட வாசல்ல நிக்கிறேன். பாத்ரூம் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அக்கா மேல கோவம் இல்ல. அதுக்கப்புறம் மூணு மாசம் நாங்க ரெண்டு பேரும் சரியா பேசிக்கல, அவங்களுக்கும் எதுக்குன்னு தெரியும், எனக்கும் தெரியும். கணக்கு பார்க்காததாலதான் பாசம் போகப் பார்த்தது எங்க வீட்டுல.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பேசினோம். லிஸ்ட் போட்ட உடனே போட்டோ எடுத்து அனுப்பிடுவேன். ஃபிரிட்ஜ் மேல ஒட்டுவாங்க. அதுல அக்காவோட நேரம்னு வாரத்துக்கு ரெண்டு சாயங்காலம் வட்டம் போட்டிருக்கும். அந்த ரெண்டு நாள் நான் டபுள் பார்க்க மாட்டேன், யார் சொன்னாலும். மாசம் ஒரு தொகை அக்கா கணக்குல போடறேன். வாங்க மாட்டேன்னாங்க. "உனக்கு இல்ல, உன் நேரத்துக்கு"ன்னு சொன்னதும் வாங்கிக்கிட்டாங்க.

இன்னொரு விஷயம், நைட் முடிஞ்சி வந்து நாங்க தூங்கறதை "வீட்டுலதானே இருக்கா"ன்னு எடுத்துக்காதீங்க. அந்த நேரத்துல குழந்தை எங்க பக்கத்துல இருந்தாலும் யாரோ ஒருத்தர் முழிச்சிருக்கணும்.

உங்க தங்கச்சிகிட்ட இதைக் காட்டுங்க. கோவிச்சுக்க மாட்டாங்க.

ஓய்வு த.ஆ. | நவம்பர் 28, பிற்பகல் 3.05

சகோதரிக்கு வாழ்த்துகள். நான் இதே மாவட்டத்தில் ஒரு மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

நம் சபைகளில் வாத்தியார் தலையில் எல்லாம் வந்து விழுவதற்கு வேர் மிக ஆழம். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், அடுத்த ஆண்டுகளிலேயே பள்ளிக்கூடம் தொடங்கினார். கடலூரில் 1717இல் பள்ளி வைத்தார்கள். அன்று முதல் பள்ளிக்கூடமும் கோயிலும் ஒரே வளாகம். பிற்காலத்தில் டேனிஷ் மிஷன் இந்தப் பகுதி கிராமங்களுக்குப் போனபோதும் அதே ஏற்பாடுதான். ஊருக்கு ஒரு ஐயர் கிடையாது. திங்கள் முதல் வெள்ளி வரை பாடம் சொல்கிறவரே ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்துவார், மணி அடிப்பார், செத்த வீட்டுக்குப் போவார், ஊர்க்காரர்களுக்கு மனு எழுதுவார். உபதேசியாரும் அவரே, வாத்தியாரும் அவரே. என் பாட்டனார் அப்படி இருந்தவர். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அந்த வாத்தியாருக்கு வீட்டில் சமைக்கவும் பிள்ளை பார்க்கவும் மனைவி இருந்தார். அந்த அம்மாவின் உழைப்பை யாரும் எழுதிவைக்கவில்லை. இன்று வாத்தியாரும் நீங்கள், அந்த அம்மாவும் நீங்கள்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. மகப்பேறு உதவிச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டது. அதன்படி விடுப்பு 26 வாரம் என்பது பலருக்குத் தெரியும். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்பதும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்பதும் அதே திருத்தத்தில்தான் வந்தன. தங்கள் தங்கை வேலை செய்யும் மருத்துவமனையில் அது இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். தனியாகக் கேட்டால் கண்ணில் படுவார். குழந்தை உள்ள நாலைந்து பேர் சேர்ந்து எழுத்தில் கேட்கட்டும்.

இப்போது அந்தக் காரணம். நான் தலைமையாசிரியராக இருந்த ஆண்டுகளில் மக்கள் தொகைக் கணக்கெடுப்பா, வாக்காளர் பட்டியலா, ஆண்டுவிழாவா, எதுவாக இருந்தாலும் திருமணமாகாத ஆசிரியைகள் பெயரைத்தான் முதலில் எழுதுவேன். "உங்களுக்கு வீட்டில் யாரும் காத்திருக்கவில்லையே அம்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். அதில் ஒருவர் படுத்த படுக்கையான தந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவர் தந்தையின் அடக்கத்துக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. பதினொரு ஆண்டுகள் என்னிடம் வேலை செய்தவர். ஒருமுறைகூட நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. தங்கள் எழுத்தில் "யாரும் கேட்டது இல்லை" என்று வந்த இடத்தில் அவர் முகம்தான் தெரிந்தது. நாளை அவருக்குத் தொலைபேசியில் பேசுவதாக இருக்கிறேன்.

பால்வாடி அக்கா | நவம்பர் 29, இரவு 8.20

டீச்சர், ஒன்றே முக்கால் வயசுப் பிள்ளையை எட்டு பத்து வயசுப் பிள்ளைங்க கையில விடவே கூடாது. அவங்களும் பிள்ளைங்கதான். பாட்டு வந்தா பாட்டைப் பார்ப்பாங்க. இந்த வயசுல பிள்ளை நடக்காது, ஓடும். கதவுக்குக் கொண்டி மேல வேணும், கீழ இருந்தா எட்டிடும். தண்ணித் தொட்டி, வாளி, கிணறு இதெல்லாம் எங்க இருக்குன்னு சர்ச் வளாகத்துல ஒருதரம் சுத்திப் பாருங்க. மழைக்காலம் வேற. சட்டையில உள்பக்கமா உங்க போன் நம்பரை எழுதித் தெச்சிடுங்க.

ரெண்டு வயசு முடிஞ்சதும் அங்கன்வாடியில சேருங்க. அம்மா முழங்காலுக்குக் கொஞ்ச நேரமாவது ஓய்வு கிடைக்கும். மார்ச் மாசம் ரெண்டு முடியுதுல்ல? இப்பவே போய் பேரைச் சொல்லி வைங்க.

ஆயர் வீட்டம்மா | டிசம்பர் 1, இரவு 9.55

அன்பு சகோதரிக்குத் தோத்திரம். ஆயர் மனைவி என்பதால் எனக்கும் இது தெரியும். பிரசங்கம் அவர் செய்வார். அவர் பிரசங்கம் செய்யும்போது எங்கள் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. என் மூத்த மகன் பலிபீடப் படியில் தூங்கியே வளர்ந்தான்.

நாங்கள் இப்போது இருக்கும் சபையில் செய்ததைச் சொல்கிறேன். பின்வரிசையில் மூன்று பாட்டிமார், எழுபது தாண்டியவர்கள். ஆராதனையில் தங்களுக்கு வேலையே இல்லை என்று வருத்தத்தில் இருந்தவர்கள். வெஸ்ட்ரி, அதாவது ஆயர் அங்கி மாற்றும் அறை, அதற்குப் பக்கத்து அறையில் ஒரு பாய், ஒரு கூடை பொம்மை, கதவுக்கு ஒரு கொண்டி. ஒரு நேரத்தில் பாட்டி ஒருவர், கூட ஓடிப்பிடிக்கத் தெம்புள்ள வாலிபப் பெண் ஒருவர். பிரசங்கம் கேட்க அங்கேயும் ஒரு ஸ்பீக்கர் வைத்தோம். முதல் வாரம் நான்கு பிள்ளைகள், இப்போது பதினொன்று. வராமல் இருந்த மூன்று இளம் தாய்மார் திரும்ப ஆராதனைக்கு வருகிறார்கள்.

இதை நீங்களே சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஐயர் சொல்லட்டும், கமிட்டி சொல்லட்டும் என்று இருந்தால் அடுத்த கிறிஸ்துமஸும் வந்துவிடும். "எனக்கு உதவி வேண்டும்" என்று சொல்லுங்கள். பன்னிரண்டு வருடம் அவர்கள் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் அம்மா.

முந்திரிக்காடு | டிசம்பர் 2, காலை 6.10

டீச்சர், 2004 பற்றி எழுதியதைப் படித்தபிறகு நான் முதலில் சொன்னதை அப்படியே வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஓய்வுநாள் பள்ளியை விடாதீர்கள். செயலாளர் பொறுப்பை இந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள், கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று தள்ளாதீர்கள். தள்ளினால் முடியாது. என் மனைவியும் இதையே சொல்லச் சொன்னாள்.

ஓ.டி. டீச்சர் | ஜனவரி 20, இரவு 9.40

இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். டிசம்பர் போனதே தெரியவில்லை.

முதலில் தங்கை. "நைட் டியூட்டி" எழுதியதை அவளிடம் படிக்கக் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் குழந்தை பக்கத்தில் படுத்து அழுதுகொண்டிருந்தாள். "நீ முடியாதுன்னு சொல்லிடுவியோன்னு பயம்க்கா" என்றாள். அதே வார்த்தை. அன்று ராத்திரி ஒரு மணி வரை பேசினோம். அப்பா போனபிறகு நாங்கள் இருவரும் அப்படிப் பேசியதே இல்லை.

இப்போது டியூட்டி லிஸ்ட் காலண்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு மாதம் 3,500 ரூபாய் தங்கை தருகிறாள். அவர் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நான் வரும் வரை எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். இவ்வளவு நாள் அவரிடம் சும்மா வேலை வாங்கிக்கொண்டிருந்தோம் என்பது இதை எல்லாம் பேசும்போதுதான் எனக்கே உறைத்தது. என்னிடம் கேட்கவில்லை என்று நான் வருத்தப்பட்டேன், நானும் அவரிடம் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் ஐந்து தாய்மார் கையெழுத்துப் போட்டு காப்பகம் கேட்டு மனு கொடுத்திருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை.

செயலாளர் பொறுப்பை டிசம்பர் 7ஆம் தேதியே எழுதிக் கொடுத்தேன். இரண்டு பேருக்கு வருத்தம், ஒருவர் இன்னும் பேசவில்லை. அதே கூட்டத்தில் எழுந்து, ஆயர் வீட்டம்மா சொன்ன பிள்ளைகள் அறை விஷயத்தைக் கேட்டேன். குரல் நடுங்கியது. முதலில் கை தூக்கியவர் யார் தெரியுமா, அன்று "ஒரு பிள்ளையைப் பார்க்க முடியலையா" என்று கேட்ட அம்மாதான். "நான் பார்த்துக்கிறேன்" என்றார். அவருக்குப் பேரப்பிள்ளைகள் கனடாவில், வீடியோவில்தான் பார்க்கிறார் என்று அப்புறம் தெரிந்தது. 24 இரவு ஆராதனையில் நாங்கள் பாடி முடித்து வந்தபோது என் பெண் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், கையில் அவர் மூக்குக் கண்ணாடிக் கூடு.

கொண்டி மேலே போட்டாயிற்று. சட்டையில் நம்பர் தைத்தாயிற்று. பால்வாடி அக்கா சொன்னபடி அங்கன்வாடியில் பேர் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த ஆட்டோக்காரரையும் கண்டுபிடித்தோம், ஸ்டாண்டில் விசாரித்து. கேக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பாப்பா எப்படி இருக்கு, செருப்பு கிடைச்சுதா?" என்று கேட்டார். கிடைக்கவில்லை.

லிஸ்ட்டில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எனக்கு வட்டம். முதல் இரண்டு செவ்வாய் என்ன செய்வது என்றே தெரியாமல் நோட்டுத் திருத்தினேன். இன்று அம்மாவை ஆட்டோவில் ஏற்றி தேவனாம்பட்டினம் கூட்டிப்போனேன். கால் வலி வந்ததிலிருந்து நாலு வருடமாக அம்மா கடலைப் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் சொல்லுங்கள். மணலில் நடக்க முடியாது, அதனால் ரோட்டுப் பக்கமே உட்கார்ந்தோம். அம்மா சுண்டல் கேட்டார். இரண்டு பொட்டலம் வாங்கினேன். ஏழரை மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தோம்.